வெந்துருச்சு மாப்ளே!

கல்யாணம் ஆன ஆண்களுக்கு ஒரு கேள்வி. மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அனுபவம் எத்தனை பேருக்கு உண்டு? சரி, கையை இறக்குங்க. அடுத்த கேள்வி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் காரணமே நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

நான் ஒருத்தன் இருக்கேன். ஆயுதம், ஒரு கோழிக்கால்.

சம்பவம் நடந்தது 2023 பொங்கலில். என் மச்சினன் ஹூஸ்டனிலிருந்து லீவில் வந்திருந்தான். டெக்ஸாஸில் மாட்டு நெஞ்சுக்கறியைப் பன்னிரண்டு மணி நேரம் புகையிலேயே வேகவைப்பார்களாம். கத்தியே வேண்டாமாம், விரலால் பிய்த்தால் வருமாம். ரெண்டு நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க எனக்கு எச்சில் ஊறியது. கூடவே ரோஷமும் ஊறியது. கறியைப் பற்றி மதுரைக்காரனுக்கு வெளியூர்க்காரன் பாடம் எடுப்பதா? விடுவேனா!

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் புது டிரம் ஒன்றை வாங்கி, படுக்கப் போட்டு, பாதியாக அறுத்து, கீல் வைத்து, உள்ளே கம்பி வலை அடித்துக் கொண்டு வந்துவிட்டேன். மொட்டை மாடியில் ஏற்றி வைத்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, தண்ணித் தொட்டியா?"

"இல்லைங்கய்யா, கறி சுட."

அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எங்கள் ஊர் கீழக்குயில்குடியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஊர். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். மேலே சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர்கள் பாறையில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எறும்பைக்கூட மிதிக்காதவர்களின் மலைக்கு நேர் எதிரே, டிரம்மும் கோழியுமாக நான். தண்டனை உடனே வராமல் மூன்றாவது நாள் வந்தது.

அன்றைக்கு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். கீழே டி.வி.யில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. மேலே நான். நன்றாகக் கனிந்த கரி, அதற்கு நேர் மேலே லெக் பீஸ்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், தயிர், இஞ்சி பூண்டு எல்லாம் தடவி, ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்து, காலையில் அப்படியே எடுத்துப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் தோல் கருகி, எண்ணெய் மினுமினுத்து, தெருவே மணத்தது. ஒரு பீஸைப் பிய்த்துப் பார்த்தேன். மேலே வெள்ளை வெளேர். முடிஞ்சது!

முதல் பந்தியில் மாமனாருக்குத்தான் மரியாதை. அடுக்கிலேயே பெரிய கால், தடிமனான கால், அவர் இலையில் வைத்தேன்.

"எப்படி மாமா?"

ஒரு கடி கடித்தார். ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடியை நான் கவனித்திருக்க வேண்டும். என்ன செய்வது, அலங்காநல்லூரில் காளை ஒன்று யாரையோ தூக்கிக்கொண்டிருந்தது.

"நல்லா வெந்துருச்சு மாப்ளே" என்றார். முழுக் காலையும் சாப்பிட்டு முடித்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல், வயிற்றுப்போக்கு. அவருக்கு 67 வயது, பதினைந்து வருஷ சர்க்கரை வேறு. ரெண்டு ராத்திரி டிரிப்ஸ் ஏறியது. டாக்டர், "எதனாலன்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மொட்டை மாடி சாவியை மட்டும் வாங்கித் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. வருவார், பேத்தியைக் கொஞ்சுவார், என்னிடம் ஊர் விவகாரம் பேசுவார். சாப்பிடச் சொன்னால் மட்டும், "இப்பத்தான் மாப்ளே, வீட்ல முடிச்சுட்டு வர்றேன்." ரொம்ப வற்புறுத்தினால் கொஞ்சம் மோர்சாதம். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மோர்சாதம் இருக்கிறதே, ரெண்டு வருஷம் என் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது.

அதில் இன்னொரு வலி. அவர் சாதாரண ஆள் இல்லை. செக்கானூரணிப் பக்கம் அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டி அண்டா ஏறினால், கறி வெந்ததா இல்லையா என்று சொல்கிற அதிகாரம் அவருக்குத்தான். பங்காளிகள் நூறு பேர் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும், அவர் தலையாட்டாமல் அண்டா இறங்காது. ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்துக் கரண்டி விளிம்பாலேயே அழுத்துவார். எலும்பைப் பிடித்து லேசாகத் திருகுவார். "இன்னும் ஒரு கொதி" என்பார். அப்பீல் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் நான் வேகாத காலை வைத்திருக்கிறேன்!

* * *

எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிற வெறி வந்தது. நான் பி.காம். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் தூக்கம் வராத ஜாதி. பழைய வவுச்சரைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

முதல் தப்பு, ஃப்ரீஸர். வெளியே கருகும்போது எலும்பு ஓரத்தில் ஐஸே இருந்திருக்கும். இரண்டாவது தப்பு, நெருப்புக்கு நேர் மேலே கறி. அது புகையில் வேகவைப்பதில்லை, கருக்குவது. தயிரும் மிளகாய்த்தூளும் சீக்கிரம் கருகும். கருத்துவிட்டதே, வெந்திருக்கும் என்று நாம் நம்பிவிடுவோம்.

மூன்றாவது தப்புதான் பெரிய தப்பு. நான் கண்ணை நம்பினேன்.

நிறம் இருக்கிறதே, அது ரெண்டு பக்கமும் பொய் சொல்லும். வெள்ளையாகத் தெரிகிற கோழி உள்ளே வேகாமல் இருக்கலாம். சிவப்பாகத் தெரிகிற கறி நன்றாக வெந்தும் இருக்கலாம். புகையில் வருகிற நைட்ரிக் ஆக்ஸைடும் கார்பன் மோனாக்ஸைடும் கறியில் இருக்கும் மயோகுளோபின் என்கிற நிறப்பொருளோடு ஒட்டிக்கொண்டால், எவ்வளவு வெந்தாலும் வெளி ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் அப்படியே நிற்கும். டெக்ஸாஸ்காரன் அதைப் பார்த்தால் கைதட்டுவான். நம் வீட்டில் பார்த்தால், "ஐயையோ, ரத்தம்!" இளங்கோழி என்றால் எலும்புக்குள்ளிருந்து நிறம் கசிந்து, வெந்த பிறகும் எலும்பு ஓரம் சிவந்தே இருக்கும்.

சரி, குத்தினால் வருகிற சாறு தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது என்பார்களே? அதையும் நம்பக்கூடாது. சாறு தெளிந்த பிறகும் உள்ளே சூடு போதாமல் இருக்கலாம். மணி பார்த்து எடுக்கலாமா? காற்று எந்தப் பக்கம் அடித்தது, விறகு காய்ந்ததா, காலின் தடிமன் என்ன... எல்லாம் மாறுமே! ரெண்டு கோழிக்கு ஒரே மணிக் கணக்கு என்பது, ரெண்டு பஸ்ஸுக்கு ஒரே டைம் டேபிள் என்கிற மாதிரி. போர்டில்தான் இருக்கும்.

அப்புறம் வேறென்ன வழி? மச்சினனுக்கு போன் போட்டேன். அவன் சிரித்தான். "மச்சான், இங்க யாரும் கண்ணால பாக்குறதில்லை. தெர்மாமீட்டர் குத்துவாங்க."

உடனே ஓடினேன். வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்து, அடுப்பில் வெந்துகொண்டிருந்த கோழியில் சொருகினேன். அதில் 'ஹெச்' என்று ஓர் எழுத்து மட்டும் மின்னியது. மனுஷக் காய்ச்சலுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. கோழிக்குக் காய்ச்சல் அதிகம் என்பதை மட்டும் உறுதி செய்தது. சொருகினதை மனைவி பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் நடந்தது இந்தப் பத்திரிகையில் போடக்கூடியது இல்லை. அந்த தெர்மாமீட்டரை யாரும் வாயில் வைக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியில் சமையலுக்கென்றே இருக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். ஒரு நீளமான ஊசிக் கம்பி, தலையில் நம்பர். வந்ததும் அதையே ஆடிட் செய்தேன். டம்ளர் நிறைய ஐஸைப் போட்டுத் தண்ணீர் விட்டு, கலக்கி, நடுவில் வைத்தேன். 0 காட்டியது. கொதிக்கிற தண்ணீரில் வைத்தேன். 100-ஐ ஒட்டிக் காட்டியது. ஆள் யோக்கியன்!

அப்புறம் கற்றுக்கொண்ட நம்பர்கள். இதை மட்டும் கிழித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாலும் சரி. அமெரிக்க விவசாயத் துறை சொல்கிற கணக்கு இது. கோழிக்கு 74 டிகிரி. கொத்துக்கறிக்கு 71. முழுத் துண்டாக இருக்கிற ஆட்டுக்கறிக்கு 63 டிகிரியும், எடுத்த பிறகு மூன்று நிமிஷ ஓய்வும்.

கொத்துக்கறிக்கு ஏன் அதிகம்? முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்தோலில்தான் இருக்கும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. கோலா உருண்டை பிரியர்கள் குறித்துக்கொள்ளவும். கோழிக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்று ரெண்டு பேர். ஏதோ வெளிநாட்டு ஃபுட்பால் பிளேயர்கள் பெயர் மாதிரி இருக்கும். வயிற்றில் இறங்கினால் கோல் மேல் கோல்தான். வயசானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள் என்றால் இன்னும் ஆபத்து. நான் பெரிய காலை யாருக்கு வைத்தேன் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். பந்தியிலேயே பலவீனமான வயிற்றுக்கு, அடுக்கிலேயே வேகாத துண்டு. மரியாதை!

கம்பியை எங்கே குத்துவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. காலின் தடித்த இடத்தில், நடுவில் குத்த வேண்டும். எலும்பைத் தொட்டுவிட்டால் எலும்பின் சூட்டைக் காட்டி ஏமாற்றும். மறுபக்கம் துளைத்துக்கொண்டு போனால் காற்றின் சூடு. ஒரு துண்டில் பார்த்துவிட்டு எல்லாம் வெந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பெரிய துண்டில் பார்க்க வேண்டும். பச்சைக் கோழி வைத்த தட்டிலேயே வெந்த கோழியை எடுத்து வைத்தால், அத்தனை நம்பரும் வீண்.

* * *

இவ்வளவு படித்த பிறகும் ஒரு சந்தேகம் குடைந்தது. மாமனார் ஒரு நம்பரும் இல்லாமல் எத்தனையோ வருஷம் அண்டா இறக்கியிருக்கிறாரே, ஒருத்தருக்கும் வயிறு வலித்ததில்லையே, எப்படி?

யோசித்தபோது புரிந்தது. அண்டாவில் கொதிப்பது தண்ணீர். அது 100 டிகிரியைத் தாண்டவும் தாண்டாது, கொதி நிற்காதவரை இறங்கவும் இறங்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் குதித்த கறியில் கிருமி என்கிற பிரச்னையே இல்லை. அவர் பார்ப்பது வேறு ஒன்றை. அதற்குப் பெயர் பதம்.

டிரம்மில் இருப்பது தண்ணீர் இல்லை, காற்று. ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் குளிரும். இங்கே ரெண்டு கேள்வி தனித்தனி. ஆபத்து போய்விட்டதா? பதம் வந்துவிட்டதா? 63 டிகிரியில் ஆட்டுத்தொடையை எடுத்தால் ஆபத்து இருக்காது. பல்லும் இருக்காது! சைக்கிள் டயர் மாதிரி இழுக்கும். கறியைக் கட்டிப் பிடித்திருக்கிற கொலாஜன் என்கிற நார், 70 டிகிரிக்கு மேல்தான் மெல்ல மெல்ல உருகிப் பசையாகும். 90-ஐத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றால்தான் எலும்பு கழன்று வரும். கோழிக்காலும் 74-ல் பாதுகாப்பு, 80-ஐத் தாண்டினால் ருசி.

புகையில் வேகவைப்பவனுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கறி 65, 70 டிகிரி வரை ஜோராக ஏறும். அப்புறம் நின்றுவிடும். ஒரு மணி, ரெண்டு மணி, மூணு மணி... நம்பர் நகராது. தெர்மாமீட்டர் ரிப்பேர் என்று தோன்றும். ரிப்பேர் இல்லை. கறிக்கு வியர்க்கிறது! சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கிறதோ, அதே கதைதான். ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எவ்வளவு சூடு ஏறுகிறதோ அவ்வளவும் அதிலேயே செலவு. வரவு எட்டணா, செலவு எட்டணா. மேல் ஈரம் தீர்ந்த பிறகுதான் மறுபடி ஏறும். அவசரக்காரர்கள் இந்தக் கட்டத்தில் கறியைப் பொதிந்து கட்டிவிடுவார்கள். ஹூஸ்டனில் காகிதம், நம் ஊரில் வாழை இலை.

விறகு விஷயத்தில்தான் எனக்கு ஹூஸ்டனை ஜெயித்த திருப்தி. அங்கே மெஸ்கீட் என்று ஒரு மரத்துண்டைப் பை பையாக டாலர் கொடுத்து வாங்குகிறார்களாம். அது என்ன மரம் என்று பார்த்தால், நம் சீமைக்கருவேலத்தின் சொந்த பங்காளி! வேரோடு பிடுங்கச் சொல்லி 2017-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவு போட்ட அதே சீமைக்கருவேலம்தான். நம் ஊரில் கரிமூட்டம் போட்டு மூட்டையில் விற்பதும் அதைத்தான். நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர விறகு போட்டால் வெள்ளை வெளேரென்று புகை வரும், கறி கசக்கும். மெலிசாக, நீலம் பாரித்த மாதிரி வருகிற புகைதான் நல்ல புகை. பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டு எல்லாம் கூடவே கூடாது. இதையெல்லாம் திறந்த மொட்டை மாடியில் செய்யுங்கள். மழை என்று வீட்டுக்குள் கொண்டுபோனால் வேகப்போவது கறி இல்லை, நாம்தான்.

சுட்ட கறி நமக்குப் புதுசா என்ன? பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்து வருகிறது. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறியைச் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்றார்களாம். ராப்பகலாகத் தின்று, நிலம் உழுத கொழு மாதிரிப் பல்லே மழுங்கிவிட்டதாம்! வெந்ததா என்று அங்கே யார் பார்த்தார்கள் என்பதுதான் என் கவலை.

* * *

2025 பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை, மொட்டை மாடி சாவி என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. மனைவி வைத்திருந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறரை மணிக்கு நெருப்பு. இந்தத் தடவை கரி டிரம்மின் ஒரு ஓரம், கறி மறு ஓரம். ரெண்டு கிலோ ஆட்டு முன்னந்தொடை, எலும்போடு. டிரம்முக்குள் சூடு 110-க்கும் 120-க்கும் நடுவில். எட்டரைக்கு உள்ளே 45. பத்துக்கு 66. பத்தரைக்கு 67. பதினொன்றுக்கு... 67!

படித்திருந்தும் கை பரபரத்தது. கீழேயிருந்து ஒரு தூது. "அம்மா கேக்குறாங்க, குக்கர் வைக்கவா வேணாமான்னு!" நான் கரியை அள்ளிப் போடக் குனிந்தபோது, மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

மாமனார்.

சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டிரம்மைப் பார்த்தார். "தீயைக் கூட்டாதீங்க மாப்ளே. அது பாட்டுக்கு வேகும்" என்றார். அவ்வளவுதான். பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கரியைக் கீழே வைத்தேன். சும்மா இருப்பதும் சமையலில் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கோழிக்கால்களையும் ஏற்றினேன். ஃப்ரீஸர் இல்லை, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்து எடுத்தது. பன்னிரண்டரைக்குத் தொடை கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தது. 71... 76... ஒன்றேகாலுக்குக் கோழியின் தோல் பொன்னிறமாக இறுகியிருந்தது. மாமனார் எழுந்து வந்தார். பெரிய காலை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார். மூட்டை லேசாகத் திருகினார். என் முகத்தைப் பார்த்தார்.

"வெந்துருச்சு மாப்ளே."

அதே குரல். அதே வார்த்தை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இலை முன்னால் உட்கார்ந்து சொன்ன அதே 'வெந்துருச்சு'. எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ஒன்றும் பேசாமல் கம்பியை எடுத்துத் தொடையின் நடுவில் குத்தினேன்.

68.

நம்பரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "இன்னும் ஆறு டிகிரி வேணும் மாமா."

அவர் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"தெரியும் மாப்ளே" என்றார். "மூட்டு இன்னும் விடலை."

"தெரியுமா? அப்புறம் ஏன் மாமா வெந்துருச்சுன்னு..."

"காலைல ஆறரைல இருந்து கண்ணு எரிய எரிய நிக்கிறீங்க. எப்படிங்க வேகலைன்னு சொல்றது?"

எனக்குப் பொறி தட்டியது. கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக் கேட்டேவிட்டேன். "அப்ப... அன்னைக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மொதக் கடியிலேயே தெரிஞ்சுபோச்சு. எலும்புகிட்ட கறி பச்சையா இருந்துச்சு. மருமகன் ஆசையாத் தன் கையால சுட்டு, மொத எலைல எனக்கு வைக்கிறாரு. பந்தி பூராப் பாக்குது. வேணாம்னு ஒதுக்கிவச்சா உங்க முகம் என்னத்துக்கு ஆகும்? தின்னுட்டேன்."

மாமனாரின் கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அண்டா முன்னால் நூறு பங்காளிகளிடம் கூசாமல் 'வேகலை' என்று சொல்கிற வாய், மருமகன் முன்னால் மட்டும் பொய் சொல்லியிருக்கிறது. அந்தப் பொய்க்கு ரெண்டு ராத்திரி டிரிப்ஸ். அதற்கப்புறம் அவர் மோர்சாதம் கேட்டதும் கோபத்தால் இல்லை. என் சமையலைச் சாப்பிட்டால் மறுபடி பொய் சொல்ல வேண்டிவருமே என்கிற பயத்தால்!

கம்பெனிக்கு வேண்டப்பட்ட ஆள் அந்தக் கம்பெனிக்கே ஆடிட்டராக இருக்கக்கூடாது என்று பி.காம்.மில் வரி வரியாகப் படித்தவன் நான். என் கோழிக்கு மாமனாரை ஆடிட்டராகப் போட்டுவிட்டேன். நல்லவேளை, இந்தக் கம்பிக்கு மாப்பிள்ளை மரியாதை தெரியாது.

"மாமா, இனிமே வேகலைன்னா வேகலைன்னு சொல்லிருங்க" என்றேன். குரல் என்னவோ போல் வந்தது. புகை.

"அதான் அதுவே சொல்லுதே" என்று கம்பியைக் காட்டினார்.

கோழியை மறுபடி மூடினோம். இருபது நிமிஷத்தில் பெரிய கால் 81. ஒன்றே முக்காலுக்குத் தொடை 92. இந்தத் தடவை கம்பியை எடுப்பதற்கு முன்னால் அவர் எலும்பைப் பிடித்துத் திருகினார். கட்டிப்போன பழைய பூட்டில் எண்ணெய் விட்ட சாவி மாதிரி, சத்தமில்லாமல் திரும்பியது. கையும் நம்பரும் ஒரே பதிலைச் சொன்னது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேலன்ஸ் ஷீட் டேலி ஆனதைக் கண்ணால் பார்த்தேன். கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டு எடுத்து வைத்தபோது கத்தியே தேவைப்படவில்லை. ஓரத்தில் ரோஜா நிற வளையம் வேறு! "ஐயையோ, ரத்தம்" என்ற மனைவியிடம், "புகைம்மா" என்று மாமனாரே விளக்கம் சொன்னார்.

கீழே இலை போட்டாயிற்று. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் என் வீட்டில் அவருக்கு முழு இலை. மோர்சாதம் கேட்கவில்லை. பெரிய கால்தான் வைத்தேன். அவர் உடனே சாப்பிடவில்லை. கழுவித் துடைத்து வைத்திருந்த கம்பியை வாங்கி, தானே காலின் நடுவில் குத்தினார். கண்ணாடியை மாடியிலேயே விட்டுவிட்டதால் பேத்தியைக் கூப்பிட்டார்.

"எம்புட்டுக் காட்டுது பாரு, தாயி."

"எழுபத்தி ஒம்போது, தாத்தா."

தலையாட்டினார். அண்டா இறங்கும்போது ஆட்டுகிற அதே தலையாட்டல். ஒரு கடி கடித்தார். மென்றார். பந்தி மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. டி.வி.யில் அலங்காநல்லூர் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் இந்த முறை அந்த ஒரு நொடியைத் தவறவிடாமல் காத்திருந்தேன்.

நிமிர்ந்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி மாப்ளே" என்றார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை. ஓடிப்போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன்.